31 இடத்தில் ‘எதிர்ப்பு’

மொழிபெயர்ப்பில் ஒற்றைச் சொல் சோற்றில் மண்ணள்ளிப் போடும் என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்த வேலை, 11 கிலோவோல்ட் மின் பேனல் ஒன்றின் பராமரிப்புக் கையேடு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு 11,800 சொற்கள், சொல்லுக்கு 1 ரூபாய் 20 காசு, மொத்தம் 14,160 ரூபாய். ஒன்பது நாளில் முடித்து அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வந்த மின்னஞ்சலின் தலைப்பு ‘பேமென்ட் வித்ஹெல்ட்’. பணம் நிறுத்திவைக்கப்பட்டது. காரணம் ‘வித்ஸ்டாண்ட்’ என்ற வினைச்சொல். கையேட்டில் அது 31 இடத்தில் வருகிறது. 31 இடத்திலும் நான் ‘எதிர்ப்பு’ என்று போட்டிருந்தேன். தடுக்கி விழவைத்ததும் ஒரு ‘வித்’, பணத்தைத் தடுத்துவைத்ததும் ஒரு ‘வித்’ என்பதை ரசிக்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை.

தப்பு நடந்த விதம் ரொம்பச் சாதாரணமானது. பெரிய வேலை என்றால் முதலில் ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்வோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு சொல், முப்பதாம் பக்கத்தில் வேறு சொல் என்று ஆகிவிடாமல் இருக்க அது உதவும். என் பட்டியலில் ரெசிஸ்ட், ரெசிஸ்டன்ஸ், வித்ஸ்டாண்ட் மூன்றுக்கும் நேரே ஒரே சொல்தான் இருந்தது. நான் புரட்டிய அகராதியில் ரெசிஸ்டுக்கும் ‘எதிர்த்து நில்’, வித்ஸ்டாண்டுக்கும் ‘எதிர்த்து நில்’. இரண்டாவதற்குப் பக்கத்திலேயே ‘தாங்கு, தாக்குப்பிடி’ என்றும் இருந்தது. முதல் பொருளோடு நிறுத்திக்கொண்டது நான்தான், அகராதியைக் குறை சொல்ல முடியாது. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் போனில் கேட்டார்: “சார், 28 கிலோவோல்ட் எதிர்ப்புன்னு போட்டிருக்கீங்க. எதிர்ப்பு, தடைன்னா ஓம்ல வரணும், வோல்ட்ல எப்படி வரும்? எங்க பசங்க இதைப் படிச்சுட்டு மெக்கரைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க.” எனக்கு மெக்கர் என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. தெரிந்தது போல ‘ஆமா சார்’ என்றேன். அந்த ‘ஆமா சார்’ எனக்கு மேலும் இரண்டு நாள் செலவு வைத்தது.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். மின்காப்பை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் பொருளை, சோதிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று மெக்கர். 11 கிலோவோல்ட் சாதனத்துக்குப் பொதுவாக 5 கிலோவோல்ட் மெக்கரை மாட்டி நேர்மின்சாரம் கொடுப்பார்கள். காப்பு எவ்வளவு தடை தருகிறது என்பதை அது மெகா ஓமில் காட்டும்; ஓம் என்பது மின்தடையின் அலகு. இது ரெசிஸ்டன்ஸ், அதாவது காப்புத்தடை. அளந்தால் ஒரு எண் வரும், போன வருடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டாவது ஹைபாட், அதாவது உயர் மின்னழுத்தச் சோதனை. 11 கிலோவோல்ட் வலையமைப்பில் இருக்கும் பேனலின் மதிப்பீடு, அதாவது அது வேலை செய்யக்கூடிய உச்ச மின்னழுத்தம், 12 கிலோவோல்ட். அதற்கு 28 கிலோவோல்ட் மாறுமின்சாரத்தை ஏற்றி ஒரு நிமிடம் பிடித்துவைப்பார்கள். காப்பு உடையாமல், பொறி பாயாமல் அந்த நிமிடம் கடந்தால் பாஸ், இல்லையென்றால் ஃபெயில். இதுதான் வித்ஸ்டாண்ட். இதில் அளந்து வரும் விடை எதுவும் இல்லை. ஏற்றிய அழுத்தமும் நேரமும்தான் கணக்கு. மின்னல் அடித்தால் எப்படி என்று பார்க்க 75 கிலோவோல்ட் உச்சத்தில் ஒரு துடிப்பும் கொடுப்பார்கள், அது 1.2 மைக்ரோநொடியில் ஏறி, 50 மைக்ரோநொடியில் பாதியாக இறங்கும். 28 கிலோவோல்ட் சோதனை தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பேனலுக்கும் உண்டு. 75 கிலோவோல்ட் துடிப்பு அந்த வகைப் பேனலின் மாதிரி ஒன்றுக்குச் சோதனைக்கூடத்தில் கொடுப்பது. மெக்கர் அளக்கும் தடையையும் இந்தத் தாங்குதிறனையும் ‘எதிர்ப்பு’ என்றே எழுதினால் படிக்கிற டெக்னீஷியன் எதை எடுத்துக்கொள்வார்?

அதைவிட மோசம், வித்ஸ்டாண்ட் மின்னோட்டம். ‘25 கிலோஆம்பியர், 3 நொடி’ என்று பேனலின் பெயர்த்தகட்டில் இருக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆகி அவ்வளவு மின்னோட்டம் பாயும்போது, பேனலுக்குள் இருக்கிற செம்புப் பட்டைகள் மூன்று நொடிக்கு உருகாமல், வளையாமல், தாங்கிப் பிடித்திருக்கும் பீங்கானோ எப்பாக்சியோ உடையாமல் இருக்க வேண்டும். முதல் அலையின் உச்சம் அதைப் போல இரண்டரை மடங்கு, 62.5 கிலோஆம்பியர் வரை போகும். பட்டைகளை ஒன்றையொன்று தள்ளுகிற காந்த விசையும் அப்போதுதான் உச்சம். கவனியுங்கள், இங்கே பட்டை மின்னோட்டத்தை எதிர்க்கவே இல்லை. வழிவிடுகிறது. வழிவிட்டுக்கொண்டே அடியை வாங்கிக்கொண்டு உருக்குலையாமல் நிற்கிறது. ஆக, நான் எழுதிய ‘எதிர்ப்பு மின்னோட்டம்’ தெளிவில்லாத சொல் மட்டுமல்ல, நேர்மாறான சொல். இது உறைத்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. வெட்கம் பாதி, ‘இதை ஏன் யாரும் சொல்லவில்லை’ என்ற கோபம் பாதி.

கோபத்தில் செய்த உருப்படியான காரியம், அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனது. வித்ஸ்டாண்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ‘கூட நில்’ என்றுதானே பொருள் வர வேண்டும்? தமிழ் வழியில் படித்து ஆங்கிலத்துக்கு வருகிற பாதிப் பேர் முதலில் இப்படித்தான் தடுமாறுகிறார்கள். விஷயம் என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பதற்கு ‘எதிரே, எதிராக’ என்றுதான் பொருள். ‘உடன்’ என்பதற்கு அவர்களிடம் ‘மிட்’ என்று வேறு சொல் இருந்தது; ஜெர்மன் மொழியில் இன்றும் ‘உடன்’ என்பதற்கு ‘மிட்’தான். இடைக்கால ஆங்கிலத்தில் ‘வித்’ மெல்ல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ‘மிட்’ வழக்கொழிந்தது. மருத்துவச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பெண்ணுடன் இருப்பவள். ‘வித்’தின் பழைய எதிர்ப்புப் பொருள் வித்ஸ்டாண்டில் தங்கிவிட்டது. வித்டிரா, வித்ஹோல்ட் இரண்டிலும் அதே ‘வித்’, ‘பின்னே, அப்பால்’ என்ற சாயலோடு: பின்னிழு, பிடித்துவை. வித்ஹோல்டில் எச் இரண்டு முறை வரும், ஒன்றை விழுங்கிவிடாதீர்கள். இன்றைக்கும் ‘ஃபைட் வித்’ என்றால் ஒருவனோடு சேர்ந்து சண்டை போட்டானா, அவனை எதிர்த்துச் சண்டை போட்டானா என்று வாக்கியத்தை முழுதாகப் பார்த்தால்தான் தெரியும்.

இதைப் படித்து ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், நம் வீட்டிலும் இதே கதைதான். ‘என்னைமுன் நில்லன்மின் தெவ்விர் பலரென்னை முன்நின்று கல்நின் றவர்’ என்பது 771-ஆம் குறள். பகைவர்களே, என் தலைவன் முன் நிற்காதீர்கள். அப்படி நின்ற பலர் இன்று நடுகல்லாக நிற்கிறார்கள். அங்கே ‘முன்நில்’ என்றால் எதிர்த்து நில், அச்சு அசலாக வித்ஸ்டாண்ட். இன்றைக்கு ‘தாய்மாமன் முன்நின்று கல்யாணத்தை நடத்தினார்’ என்கிறோம். எதிரே நின்றவர் கூட நிற்பவர் ஆகிவிட்டார். ‘அவனோடு சண்டை’ என்பதில் வரும் ‘ஓடு’வும் இப்படித்தான், கூட்டாளிக்கும் அதே உருபு, எதிராளிக்கும் அதே உருபு. 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், அந்தியோகியாவில் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்ததாகப் பவுல் சொல்லும் இடத்தில் வித்ஸ்டாண்டின் இறந்தகாலமான ‘வித்ஸ்டுட்’ வருகிறது. தமிழ் பைபிளில் அது ‘முகமுகமாய் அவனோடே எதிர்த்தேன்’. ஆள் ஆளை எதிர்ப்பதற்கு அந்தக் காலத்தில் இந்த வினை சரளமாக வந்தது. இன்றைக்கு அந்தப் பயன்பாடு அருகிவிட்டது. இப்போது இதன் எழுவாய் பெரும்பாலும் பொருள்: பாலம், கண்ணாடி, துணி, செடி. 1010-இல் கட்டிமுடித்த தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் வருட வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கிறது என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் இந்த வினை கச்சிதமாக உட்காரும்.

ரெசிஸ்ட் வேறு குடும்பம். லத்தீனில் ‘ரெ’ என்றால் பின், ‘சிஸ்டெரே’ என்றால் நிறுத்து, நில். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கன்சிஸ்ட், இன்சிஸ்ட், பெர்சிஸ்ட், அசிஸ்ட் எல்லாம் உடன்பிறப்புகள். வேரில் பார்த்தால் இரண்டிலும் நிற்பதுதான் இருக்கிறது, அதனால்தான் அகராதி இரண்டையும் ஒரே வரியில் கட்டுகிறது. ஆனால் புழக்கத்தில் பிரிந்துவிட்டன. ரெசிஸ்ட் என்றால் வருவதை வரவிடாமல் தடுப்பது, இணங்க மறுப்பது. வித்ஸ்டாண்ட் என்றால் வந்தது வந்துவிட்டது, அடி விழுந்துவிட்டது, ஆனாலும் கெடாமல் இருப்பது. இந்த இடத்தில் ஜெர்மன்காரர்கள் தெளிவு. மின்தடைக்கு அவர்கள் சொல் ‘வீடர்ஷ்டாண்ட்’, ‘எதிர்நிலை’ மாதிரி. வித்ஸ்டாண்ட் வோல்டேஜுக்கு ‘ஷ்டேஷ்பானுங்’, வெறும் ‘நிற்கும் மின்னழுத்தம்’. எதிர்ப்பை அடியோடு விட்டுவிட்டார்கள். தமிழிலும் நமக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ரெசிஸ்டுக்குத் தடு, எதிர், மறு, முரண்டுபிடி; வித்ஸ்டாண்டுக்குத் தாங்கு, ஈடுகொடு, தாக்குப்பிடி. இதில் ‘தாக்குப்பிடி’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல். தாக்கும் இருக்கிறது, பிடியும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில்கூட அடி கண்ணில் படுவதில்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. இரண்டு வினைக்குப் பின்னாலும் ‘அகெயின்ஸ்ட்’ போடக் கூடாது. ‘வெயிலுக்கு எதிராகத் தாங்கும்’ என்று தமிழில் சொல்வோமா? ‘வெயிலைத் தாங்கும்’ என்றுதான் சொல்வோம். அதே மாதிரி ‘வித்ஸ்டாண்ட் ஹீட்’, ‘ரெசிஸ்ட் பிரஷர்’, அவ்வளவுதான். ரெசிஸ்டன்ஸ் என்று பெயர்ச்சொல்லாகவோ ரெசிஸ்டன்ட் என்று பெயரடையாகவோ எழுதும்போது மட்டும் ‘டு’ வரும். வித்ஸ்டாண்டின் இறந்தகாலம் வித்ஸ்டுட். ‘வித்ஸ்டாண்டட்’ என்று ஒன்று கிடையாது. ரெசிஸ்டுக்குப் பின் இன்னொரு வினை வந்தால் ‘இங்’ வடிவம்தான் வரும், ‘டு’ போட்ட வடிவம் வராது: ‘ரெசிஸ்ட் ஈட்டிங்’ சரி, ‘ரெசிஸ்ட் டு ஈட்’ தப்பு. ‘குட் நாட் ரெசிஸ்ட்’ என்று கதையில் வந்தால் ‘எதிர்க்க முடியவில்லை’ என்று எழுதினால் சிரிப்பார்கள். அல்வாவைப் பார்த்ததும் ‘கை சும்மா இருக்கவில்லை’, ‘ஆசையை அடக்க முடியவில்லை’. போலீஸ் செய்தியில் ‘ரெசிஸ்டிங் அரெஸ்ட்’ வரும், கைதுசெய்ய விடாமல் முரண்டுபிடித்தார் என்று பொருள். அங்கே வித்ஸ்டாண்ட் பொருந்தாது. துணி சம்பந்தமான வேலையில் ‘ரெசிஸ்ட்’ பெயர்ச்சொல்லாகவே வரும்: சாயம் ஏறாமல் தடுக்கும் மெழுகோ கட்டோ. மதுரைச் சுங்குடியில் நூலால் இறுக்கி முடிச்சுப் போடுகிறார்களே, அந்த முடிச்சு செய்வது அதைத்தான். மருத்துவக் கட்டுரையில் வரும் ‘ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்’ நோயாளியின் உடம்புக்கு வருவது அல்ல, கிருமிக்கு வருவது. ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்று பழகிய கையால் அதை எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

இன்னொன்று, ‘ரெசிஸ்டன்ட்’ (ஓரளவுக்குத் தடுப்பது) என்றால் ‘புரூஃப்’ (அறவே புகவிடாதது) இல்லை. கைக்கடிகாரத்தின் பின்மூடியில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’ என்று இருப்பதைப் பார்த்து அதைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிப்பவர்கள் உண்டு. அந்த 30 மீட்டர் சோதனைக்கூடத்தில் 3 பார் அழுத்தத்துக்குச் சமம், நீந்துகிற ஆழம் இல்லை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்குத் தாங்கும், அவ்வளவுதான். முக்குளிப்புக்கான கடிகாரத்துக்குத் தனித் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 6425, குறைந்தது 100 மீட்டர். எனவே தமிழில் ‘நீர்புகா’ என்று எழுதுமுன் மூலத்தில் புரூஃபா, ரெசிஸ்டன்டா என்று ஒருமுறை பாருங்கள். ரெசிஸ்டன்ட் என்றால் ‘நீர் தடுக்கும்’ என்று எழுதி, மூலத்தில் உள்ள எண்ணையும் விடாமல் போடுங்கள்.

திருத்தி எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொரு தப்பு கண்ணில் பட்டது. யாருமே கவனிக்காத தப்பு, ஆனால் 31-ஐயும் சேர்த்தால்கூட இதன் கனம் வராது. கடைசிப் பக்கத்தில் உத்தரவாத நிபந்தனைகள். 4-ஆம் பிரிவு பேனலுக்கு உத்தரவாதம் தருகிறது. 9-ஆம் பிரிவு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, ஃபியூஸ், விளக்கு, கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் பட்டை) போன்ற தேய்மானப் பொருள்களுக்கு உத்தரவாதம் இல்லை என்கிறது. நான் எழுதியது: ‘பிரிவு 4-க்கு உட்பட்டு’. உட்பட்டு என்றால் 4-ஆம் பிரிவுதான் மேலே. அப்படியானால் ஃபியூஸுக்கும் உத்தரவாதம் உண்டு என்று ஒருவர் வாதாடலாம். உண்மையில் நாட்வித்ஸ்டாண்டிங் என்பதைப் பிரித்தால் ‘குறுக்கே நிற்காமல்’: 4-ஆம் பிரிவு என்ன சொன்னாலும் அது இதற்குத் தடையாக நிற்காது, இதுதான் செல்லும். சட்டக்காரர்கள் இதை லத்தீனில் ‘நான் அப்ஸ்டான்டே’ என்பார்கள். இந்திய அரசியலமைப்பில் இது அடிக்கடி வரும். 168-ஆவது பிரிவு எந்தெந்த மாநிலத்துக்கு மேலவை உண்டு என்று சொல்கிறது. அடுத்த 169 ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி மேலவையை நீக்கலாம் என்கிறது. 1986-இல் தமிழ்நாட்டின் மேலவை போனது அந்த வழியில்தான். தமிழில் ‘பிரிவு 4-இல் எது அடங்கியிருந்தபோதிலும்’ அல்லது ‘பிரிவு 4 என்ன கூறினாலும்’ என்று எழுதலாம். ‘சப்ஜெக்ட் டு’ வந்தால்தான் ‘உட்பட்டு’. இந்த இரண்டும் இடம் மாறினால் ஒப்பந்தத்தில் யார் கை மேலே என்பதே மாறிவிடும். இந்தத் தப்பை நானே பொறியாளருக்கு எழுதிச் சொன்னேன். கை நடுங்கத்தான் செய்தது.

இப்போது ரெசிஸ்டோ வித்ஸ்டாண்டோ வந்தால் மூன்று விஷயம் பார்க்கிறேன். நிற்பது ஆளா, பொருளா? எதிரே வருவது தடுக்கக்கூடியதா, வந்தே தீருவதா? பக்கத்தில் எண் இருக்கிறதா, இருந்தால் அதன் அலகு என்ன? அலகு ஓம் என்றால் தடை. வோல்ட், ஆம்பியர், டிகிரி, பார் என்று இருந்து கூடவே நேரமும் குறித்திருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக ‘தாங்கு’. பாதி வேலை அலகைப் பார்த்தாலே முடிந்துவிடும். ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டு ஒரே சொடுக்கில் மாற்றும் பழக்கத்தை இந்தச் சொற்கள் விஷயத்தில் கைவிட்டேன். 31-ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 14 ‘தாங்கு மின்னழுத்தம்’ ஆனது, 9 ‘தாங்கு மின்னோட்டம்’, 6 இடத்தில் வெறும் வினையாகத் ‘தாங்கும்’. மிச்சம் 2 கேஸ்கெட் பற்றியது. அங்கே ‘எண்ணெய் பட்டாலும் கெடாது’ என்று எழுதினேன், தாங்குவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. இதற்கெல்லாம் நான்கு நாள் ஆனது, அதற்குக் கூலி கிடையாது. பாதித் தொகை, 7,080 ரூபாய், திருத்திய பிரதியைச் சரிபார்த்த பிறகு வந்தது. மீதி போனது போனதுதான்.

திருத்திய பிரதியைப் பார்த்துவிட்டுப் பொறியாளர் மறுபடி கூப்பிட்டார். “தாங்கு மின்னழுத்தம் சரியா இருக்கு சார். ஆனா எங்க ஆளுங்க வாயில வித்ஸ்டாண்ட் வோல்டேஜ்னுதான் வரும். முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே அதையும் தமிழ் எழுத்துல போட்டுடுங்க.” போட்டேன். அட்டவணையின் தலைப்புக் கட்டத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து நுழையவில்லை. அங்கே எழுத்தளவை 9-இலிருந்து 7-க்குக் குறைத்தேன்.